கொட்டாரத்தில் அம்மா மூன்று முறை கேட்டது

இதை எழுதலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். "எழுது. எனக்க பேரை மட்டும் போடாதே" என்றாள். அம்மா என்று போட்டாலே யாரென்று தெரிந்துவிடாதா... அதை நான் சொல்லவில்லை.

பெங்களூரில் அக்கா வீட்டில் இருக்கும் அம்மா, பத்து நாள் என்னோடு தங்க நாகர்கோவில் வந்திருக்கிறாள். எழுபத்தாறு வயது. பிறந்து வளர்ந்தது இந்த மாவட்டத்தில்தான். ஆனால் பத்மநாபபுரம் கொட்டாரத்தைப் பார்த்ததில்லை. வெளியூர் நண்பர்கள் யார் வந்தாலும் முதல் வேலையாக அந்த அரண்மனைக்குக் கூட்டிப்போகிற நான், அம்மாவை ஒருமுறைகூடக் கூட்டிப்போனதில்லை. போன சனிக்கிழமை கிளம்பினோம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததுமே தொடங்கிவிட்டேன். ராஜா மந்திரிகளோடு உட்கார்ந்த சபை, முகம் தெரிகிற கருப்புத் தரை, பலாமரத் தூண்... எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் உண்டு. வாரம்தோறும் இந்தப் பத்தியில் உங்களிடம் பேசிப் பழகிய வாய் அல்லவா?

"வெளிய போற வழி எங்க மக்கா?" என்றாள் அம்மா.

"இப்பதானேம்மா வந்தோம்? பாக்க எவ்வளவு கெடக்கு."

சிரித்தாள். இரண்டு அறை தாண்டி, "இன்னும் நெறைய உண்டா?" என்றாள். அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். தூணருகே நிறுத்தி போட்டோ எடுத்தேன். "கொஞ்சம் சிரிம்மா" என்று வேறு சொன்னேன்.

மூன்றாவதாக, மறுபடியும் வழியைக் கேட்டபோது நான் சொன்னது — இப்போதும் காதில் கேட்கிறது — "உன்னைக் கூட்டிட்டு வந்ததே தப்பு."

அதன்பின் அம்மா எதுவும் கேட்கவில்லை.

குறுகலான மரப்படியில் இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். சேலைக் கொசுவத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பின்னால் ஒரு கூட்டம். "இறங்கும்மா, ஆளு நிக்கு" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. படி நனைந்திருந்தது.

கீழே நின்ற பெண் ஊழியர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். மேலே இருந்தவர்களைக் கைகாட்டி நிறுத்தினார். ஏறிவந்து, தன் துப்பட்டாவை அம்மாவின் இடுப்பில் சுற்றினார். "ஒண்ணுமில்ல, எனக்க அம்மைக்கும் இப்படித்தான்" என்று கையைப் பிடித்துப் பக்கவாசல் வழியாகக் கூட்டிப்போனார்.

போகிற போக்கில் என்னிடம் சொன்னார். "எங்ககிட்ட ஒரு வார்த்த நேரத்தே கேட்டிருக்கப்பிடாதா சார்? இந்தப் பக்கம் வழி உண்டே."

ஒரு வார்த்தை. அம்மா மூன்று முறை கேட்டாளே...

காரில் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "படியத் தொடச்சாச்சா?" என்றாள் அம்மா. துடைத்தாயிற்று. அதையும் அந்தப் பெண்தான் செய்தார். நான் போட்டோ எடுத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து நின்றேன்.

வீட்டில் என் மனைவி, "எப்படி இருந்துது மாமி?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்துது மக்கா. இவன் எல்லாம் வெவரமாச் சொல்லித் தந்தான்."

குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "காலைல வெளிய போறோம்னதும் மாமி காப்பி வேண்டாம்னுட்டாங்க. தண்ணிகூடக் குடிக்கல்ல. நீங்க கவனிக்கலயா?" என்றாள்.

இல்லை. ஊரைச் சுற்றிக் காட்டுவதில் நமக்கு அவ்வளவு ஆர்வம். கூட வருகிறவர் முகத்தைப் பார்க்கத்தான் நேரமில்லை. நம் வீட்டுப் பெண்கள் இன்னும் எத்தனை பயணங்களை இப்படி வறண்ட தொண்டையோடு முடித்திருப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை குளச்சல் போனோம். கடல் பார்க்க வேண்டும் என்று அம்மாவே கேட்டாள். கடைத்தெருவில் ஒரு ஹோட்டல் வாசலில் காரை நிறுத்தி, திருந்திய மகனாக, "அம்மா, பாத்ரூம் போணுமா?" என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாக் கேளு மக்கா" என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

கேட்கக்கூடத் தெரியவில்லை எனக்கு.