பெரிதாய்ப் போன கிரீடம்

ஆறாம் வகுப்புப் படிக்கையில் நான் இங்கிலாந்தை ஆண்டேன். ஆண்டது பத்து நிமிடம். அதிலும் பாதி, ஆட்சியை இழப்பதற்கே போய்விட்டது. எங்கள் பெண்கள் பள்ளி ஆண்டுவிழாவின் ஆங்கில நாடகத்தில், பங்காளியிடம் கிரீடத்தைக் கழற்றிக் கொடுக்கும் அரசன் நான்.

அந்த அரசன் நல்லவனா கெட்டவனா என்று தெரியாமல் எப்படி அழுவது? டீச்சர் கொடுத்த நாடகக் கேசட்டில் அவன் பாடுவதுபோல அழுதான். விருத்தாசலம் ஜங்ஷனில் வேலை பார்த்த அப்பா சென்னையிலிருந்து வரவழைத்த வீடியோவில் சிரித்தான். நூலகத்துத் தடித்த சரித்திரப் புத்தகமோ, பத்து வயதில் முடிசூட்டப்பட்டான், சிறையில் மடிந்தான் என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் இருந்த அத்தை, ஆங்கிலம் தெரியாமலே கேசட் கேட்டாள். "சொத்து பங்காளிக்குப் போவுது. அழுவாம என்னா பண்ணுவான்" என்றாள். நூலால் என் தலையை அளந்து, அட்டையில் கிரீடம் வெட்டி, தங்கத்தாள் ஒட்டியதும் அவள்தான்.

விழாவன்று திரைக்குப் பின்னால் அணிந்தேன். கிரீடம் மூக்கில் வந்து நின்றது.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "மண்ணு பொம்ம மாதிரி சூளையில சுருங்கும்னு கூட்டி வெட்டிட்டேன்டி. கைப்பழக்கம்."

"அட்டைய யாரு அத்த சூளையில வெப்பாங்க? எல்லாரும் சிரிக்கப் போறாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். ராசா நீதான. வேகாத பொம்மையத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் அடியில தாங்கிப் புடி. அழுத்தாத."

அப்படியே போனேன்; தாங்கியும் அது கண்ணை மறைத்தது. "ராசா தண்ணி எடுக்கப் போறாரு" என்றது முன்வரிசை. சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. காது சுட்டது. கிரீடத்தைக் கொடுக்கும் கட்டம் வந்தது. ஈரமண் கலத்தை இறக்குவதுபோல, விரல் பதியாமல், மெல்ல எடுத்தேன். மறைந்திருந்த கண்ணில் வெளிச்சம் கொட்டியது. இத்தனை முகங்களா? அழ மறந்தேன், சிரிக்கவும் மறந்தேன். பங்காளியாக நின்ற எட்டாம் வகுப்பு அக்காவின் கையில் கிரீடத்தை வைத்தபோது தலை காற்றைப்போல் லேசாக இருந்தது. சிரித்த கூடம் கைதட்டியது.

திரும்பும் வழியில் அத்தை கிரீடத்தைத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். அளவாக இருந்தது. கடைத்தெரு முழுக்க அதோடுதான் நடந்தாள். ராஜாவின் அளவைக் கெடுத்துவிட்டாயே என்று முறைத்துக்கொண்டே நானும் நடந்தேன்.

பத்து வயதில் முடிசூட்டப்பட்டவன் என்று என் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தது. முடிசூட்டிய அன்று அவனுக்கும் கிரீடம் மூக்கில் வந்து நின்றிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.