சூசையம்மாளின் இருபது நிமிடம்

“சூசையம்மாள். வயது 74. திருமணமாகாதவர். உறவினர் இல்லை. தனியாக நடமாட இயலாதவர். எங்கு செல்லவும் ஒருவர் துணை தேவை. அமைதியான சுபாவம்.”

மலேசியாவில் கூலாய்க்கு வெளியே செம்பனைத் தோட்டங்களை ஒட்டியிருக்கும் முதியோர் இல்லத்துப் பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது. வயதும் கல்யாணமும் சரி. மற்றதெல்லாம் அவர் இடுப்பெலும்பு முறிந்து வந்து சேர்ந்த வாரத்தில் யாரோ எழுதியது. எலும்பு எப்போதோ கூடிவிட்டது. எழுத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை. ‘அமைதியான சுபாவம்’ என்பதைப் படித்த சமையல்காரர் விஜயன் இரண்டு நாள் சிரித்தார்.

பண்டார் தெங்காராப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆயாக் கொட்டகையில் முப்பது வருடம் பிள்ளை பார்த்தவர் சூசையம்மாள். தாய்மார்கள் ரப்பர் பால்மரம் வெட்டப் போனதும் தொட்டிலாட்டி, பால் கலக்கி, மூக்குச் சிந்தி, தேவைப்பட்டால் அடித்து வளர்த்தார். ஒன்றும் அவர் பெற்றதில்லை. அடி வாங்கியவர்கள் இன்று ஜொகூர் பாரு முழுக்க இருக்கிறார்கள்; உறவினர் என்று எழுத பதிவேட்டில் கட்டம் போதாது.

இல்லத்தில் அவருடைய அறைத்தோழி கிருஷ்ணம்மா. இரண்டு முழங்காலும் போய்விட்டன. கழிவறைக்குப் போவதென்றாலும், துணை தேவைப்படும் சூசையம்மாளின் தோளைப் பிடித்துத்தான் போவார்.

2021இல் பண்டிகைக் காலம் வந்ததும் பொறுப்பாளர் புஷ்பவள்ளி வாசலில் ஒரு தாளை ஒட்டினார். தீபாவளியிலிருந்து பொங்கல்வரை ஆளுக்கு ஒரே சந்திப்பு. ஒரு வருகையாளர், இருபது நிமிடம். வாசலிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. வராந்தாவில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். தொடக்கூடாது, முகக்கவசம் கழற்றக்கூடாது. மீறினால் எல்லாருக்கும் சந்திப்பு ரத்து. ஆகஸ்டில் அந்த இல்லத்திலிருந்து நான்கு பேர் கொரோனாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதனால் யாரும் முணுமுணுக்கவில்லை. சூசையம்மாள்கூட.

கிருஷ்ணம்மாவின் சந்திப்பு தீபாவளியோடு முடிந்தது. மூத்தவன் மணியம் வந்து, இருபது நிமிடமும் தன் காரின் கியர்பாக்ஸ் பற்றிப் பேசிவிட்டுப் போனான். நவம்பர் கடைசியில், அடைத்துக் கிடந்த சிங்கப்பூர்ப் பாலம் திறந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இளையவன் ரூபேந்திரனுக்கு பஸ் டிக்கெட் கிடைத்தது; கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் வருகிறானாம். அவனைப் பார்த்து இருபது மாதம் ஆகியிருந்தது. கிருஷ்ணம்மா இன்னொரு சந்திப்பு கேட்டுப் பார்த்தார்.

“போன்ல பாக்குறீங்களேம்மா,” என்றார் புஷ்பவள்ளி.

“அவன் போனப் புடிக்கிற லெச்சணத்துக்கு நெத்தி மட்டுந்தான் தெரியுது.”

“ஒங்களுக்கு விட்டா நாளைக்கு முப்பது பேரு கேப்பாங்க.”

கிருஷ்ணம்மா அன்று சோற்றைத் தொடவில்லை. சூசையம்மாள் இருவர் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு அலுவலக அறைக்குப் போனார்.

“எனக்கு ஒரு சந்திப்பு பாக்கி இருக்குல்ல? கிறிஸ்மஸுக்கு எழுதிக்க. ரூபேந்திரன் வர்றான்.”

புஷ்பவள்ளி பேனாவைக் கீழே வைத்தார். “உங்களுக்கு அவரு என்ன வேணும்?”

“கிருஷ்ணம்மா என்னைய அக்காங்குறா. தங்கச்சி பெத்தது எனக்கு என்ன மொறை, நீயே சொல்லேன்.”

“மகன் மொறை.”

“மகன்னே எழுது.”

திருமணமாகாதவருக்கு மகன் என்று எழுதப் புஷ்பவள்ளியின் கை கொஞ்சம் தயங்கியது. “சரி, எழுதுறேன். ஆனா பாக்கப் போறது நீங்க மட்டுந்தான். கிருஷ்ணம்மா வராந்தாவுக்கு வரக்கூடாது.”

“நான் மட்டும் எப்புடிப் போவேன்? தொணையில்லாம நடமாட முடியாதுன்னு நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க? வேற ரூம் ஆள அனுப்புனா ரூமுக்கு ரூம் தொத்திரும்லா. ஒரே ரூம் ஆளுதான் சரி.”

புஷ்பவள்ளி பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். வருகையாளர் ஒருவர்தான். தூரமும் இரண்டு மீட்டர்தான். கிருஷ்ணம்மாவும் சூசையம்மாளும் எப்படியும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். பதிவேட்டை மூடினார்.

“வீல்சேர்லதான் போகணும். நடந்து போறதப் பாத்தேன், அவ்ளோதான்.”

“நடப்பனா? நான் நோயாளி.”

கிறிஸ்மஸ் காலையில் சூசையம்மாள் புதுச்சேலை கட்டிச் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். பிடிமானமில்லாமல் நிற்க முடியாத கிருஷ்ணம்மா அதன் கைப்பிடியில் முழுப் பாரத்தையும் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். யார் யாருக்குத் துணை என்று விஜயன் கரண்டியோடு நின்று யோசித்தார். வராந்தாவின் சரிவில் நாற்காலி தன்னால் ஓடத் தொடங்கியது. நடமாட இயலாத காலைத் தரையில் ஊன்றி சூசையம்மாள் அதை நிறுத்தினார்.

பரிசோதனை முடிந்து ரூபேந்திரன் எதிர்நாற்காலிக்கு வந்திருந்தான். “பெரியம்மா, ஹேப்பி கிறிஸ்மஸ்,” என்றான்.

“எனக்கு அப்புறம் சொல்லலாம். ஒங்கம்மாகிட்ட பேசு. நேரம் ஓடுது.”

கிருஷ்ணம்மா கைப்பிடியை விட்டுவிட்டு மகனை நோக்கி ஓரடி வைத்தார். அந்த முழங்காலுக்கு அது பெரிய அடி. சூசையம்மாள் அவருடைய முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

“விடுக்கா. ஒரு தடவ தொட்டுட்டு வந்துர்றேன்.”

“ரெண்டு மீட்டர். உக்காரு.”

“பொய் சொல்லி என்னையக் கூட்டியாந்தவ நீ. இப்ப சட்டம் பேசுற?”

“பொய் தாளுக்கு. தூரம் நெஞ்சுக்கு. ஒனக்கு ஏற்கெனவே எளைப்பு. உக்காருடி.”

கிருஷ்ணம்மா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இப்பவும் நெத்திதான்டா தெரியுது,” என்றார்.

அவன் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டான். சூசையம்மாள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் தாயும் மகனும் பேசிய இருபது நிமிடமும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மாவின் முந்தானையைக் கையிலிருந்து விடவும் இல்லை.