மிலான் பேராலய வாசலில் கழற்றிய ஷூ

ஞாயிறு காலை 8.10. செஸ்தோவில் டிராம் ஏறினோம். மிலான் நகருக்கு வடக்கே, புகைபோக்கிகள் நிறைந்த ஊர் அது. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்காக அங்கே அனுப்பப்பட்டவர்கள் நாங்கள் இருவர்: லிங்கராஜபுரத்து அந்தோணியாகிய நான், ஸ்ரீராம்புரத்து முனுசாமி. 1961 அக்டோபர். இத்தாலியக் குளிருக்கு என்மேல் மட்டும் தனிக் கோபம் உண்டு என்பது என் சந்தேகம்.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ஊரில் என் மனைவி பிலோமினாவுக்கு அந்த வாரம் பிரசவம். இரண்டு குழந்தைகளைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவர்கள் நாங்கள். இதுவாவது தங்க வேண்டும் என்று, சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். படுக்கையை விட்டே இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளுக்குப் பதிலாக நான் மிலான் பேராலயத்தின் கூரைவரை வெறுங்காலோடு ஏறுகிறேன் என்று கடிதத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

8.55. டிராமை விட்டு இறங்கினால் சதுக்கம். ஒரு பக்கம் நிலத்தடி ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மறுபக்கம் கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதி. அங்கே நின்றபடியே ஐம்பது லிராவுக்கு ஒரு காப்பி குடித்தோம். இரண்டு மடக்கில் தீர்ந்துவிட்டது. புறாக்கள் நம் ஊர்க் காக்கைகளைவிடத் துணிச்சலானவை. எதிரே பேராலயம். கட்டத் தொடங்கி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. வெள்ளையில் லேசாக ரோஜா நிறம் ஓடும் பளிங்கு. ஊசி ஊசியாக எத்தனையோ கோபுரங்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புனிதர். எல்லாவற்றுக்கும் மேலே, தரையிலிருந்து சுமார் முந்நூற்றைம்பது அடி உயரத்தில், தங்க மாதா.

"இன்னாப்பா இது, மாவுல கோலம் போட்டு அப்பிடியே நிமித்தி வச்சா மாதிரி கீது," என்றான் முனுசாமி.

படியில் உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, வாசலோரமாக ஒதுக்கி வைத்தேன். அவ்வளவு அகலமான படிகளில் என் ஷூ மட்டும்தான் இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாசல் காவலர் கையை நீட்டி மறித்தார். நரைத்த மீசைக்காரர். உலகப் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டபோது கற்ற ஆங்கிலத்தில், "வெறுங்காலோடு உள்ளே போகக் கூடாது. மரியாதை இல்லை," என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "எங்கள் ஊரில் செருப்போடு போவதுதான் மரியாதை இல்லை," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

முனுசாமி என் தோளைப் பிடித்தான். "சும்மா இருப்பா. அவரு டூட்டிய அவரு பாக்கறாரு." பிறகு அவனே காவலரிடம் பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கைச்சாடையிலும் பிலோமினாவின் கதையைச் சொன்னான்.

"எத்தனையாவது?" என்று காவலர் என்னைக் கேட்டார். "மூன்றாவது. முதல் இரண்டும் இல்லை," என்றேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஆனாலும் வழி விடவில்லை.

"இது தாயின் வீடு. வெறுங்காலோடு வரும் மகனைப் பார்த்தால், இவனுக்குச் செருப்பு வாங்கக்கூட வழியில்லையே என்றுதான் அவள் நினைப்பாள். வருத்தத்தைக் கொடுத்துவிட்டா வரம் கேட்பாய்?"

சொல்லிவிட்டு, அவரே போய் என் ஷூவை எடுத்து வந்து காலடியில் வைத்தார். வயதில் மூத்தவர் என் ஷூவைத் தொட்டது எனக்குக் கூச்சமாகிவிட்டது. குனிந்து மாட்டிக்கொண்டேன்.

உள்ளே காடு போலத் தூண்கள். வண்ணக் கண்ணாடி வழியாகச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம். 10.20-க்குக் கூரைக்கு ஏறத் தொடங்கினோம். இருநூறு படிகள்வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். ஒவ்வொரு படியிலும் என் ஷூ டக் டக் என்று சத்தம் போட்டது. மேலே போனால் வடக்கே பனி மலைகள் தெரிந்தன. முனுசாமி என்னைவிட அதிக நேரம் கைகூப்பி நின்றான். எனக்கோ செபம் வாயில் வரவில்லை. வாக்குத் தவறியவன் எந்த முகத்தோடு கேட்பது?

1.40. செஸ்தோவுக்குத் திரும்பினால், நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் காத்திருந்தார். கையில் தந்தி. எங்கள் பக்கம் நல்ல செய்திக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை. தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஷூவோட ஏறிட்டேனே முனுசாமி," என்றேன்.

அவன் தந்தியை வாங்கிப் பிரித்தான். உதட்டை அசைத்து ஒருமுறை தனக்குள்ளே படித்தான்.

"உன் மச்சான் சவரி அட்ச்சது. நேத்து காத்தால பொறந்துக்குது. பொண்ணு. ரெண்டு பேரும் சொகம்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அத்தோட வுட்டானா? ஓயாம அழுவுதாம், வார்டுல ஒர்த்தருக்கும் தூக்கம் இல்லியாம். அதயும் எழுதிக்கிறான்."

"அழற எடத்த மட்டும் இன்னொரு தரம் படி," என்றேன்.