உறையில் நான் அடித்த பெயர்

தம்பியின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அண்ணன் என்பதால் முதல் கட்டுரையை நான் எழுத வேண்டும் என்றார்கள். அடக்கத்தன்று கல்லறையில் நான் தம்பியைப் புகழ்ந்து பேசியது பலருக்கு நினைவிருக்கும். அன்று மறைத்ததை இங்கே எழுதுகிறேன்.

தம்பி அந்தமானில், போர்ட் பிளேயரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் பிறந்தார். அப்பா தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்த படகுத் தச்சர். தம்பிக்கு நான் ஆறு வயது மூத்தவன். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியரானேன். தம்பி பங்குக் கோயில் ஆர்மோனியத்தில் தொடங்கி, கல்கத்தா ஹோட்டல்களில் பியானோ வாசித்து ஜாஸ் கற்றார். "தின்னுறவனுக்கு முன்னால பொட்டி தட்டுற வேலை" என்று உறவினர் மத்தியில் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார். மனைவியை இழந்த பின் ஊர் திரும்பி, விமானங்கள் தாழப் பறக்கும் பத்துபஸ்தியில் குடியேறினார். கூடவே ஒரு பழைய பியானோ கப்பலில் வந்தது. கடல் ஈரத்தில் மரம் ஊதிவிடும் என்று அதற்குள் எப்போதும் ஒரு பல்பு எரியும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில்தான் தம்பி தம் ஒரே இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். விருந்தினர் மூவர்: கார் நிக்கோபாரிலிருந்து ஒரு கிட்டார் கலைஞர், டிக்லிபூரிலிருந்து தோதாரா மீட்டும் வங்காளிப் பெரியவர், டெய்ரி ஃபார்ம் முருகேசன். முருகேசனுக்கு நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. நம்மவர் சாவுக்கும் அம்மன் கோயில் கொடைக்கும் பறை வாசிப்பவரும் அவரே. விமானம் இறங்கும்போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டும். அப்படியொரு நாள் நானும் அங்கிருந்தேன்.

"தாதா, ருக்கியே! ஃப்ளைட் ஆ ரஹா ஹை!" என்று இந்தியில் பெரியவரை நிறுத்திவிட்டு, தம்பி முருகேசனிடம் திரும்பினார். "ஏலே, நீ ஏன் எனக்குப் பின்னாலயே வார? முன்னால போ, நான் வந்து சேந்துக்கிடுதேன்."

"நீங்க தாளத்தக் கோணலா வச்சா எப்படிண்ணே? பொணம் எந்திரிச்சு ஓடிரும்."

"ஓடட்டும்லே. அதுக்குத்தான் ஜாஸ்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சி.டி. உறையில் வரவேண்டிய எழுத்துகளைப் பிழை திருத்தும் வேலையைத் தம்பி என்னை நம்பிக் கொடுத்தார். அந்த மாதம் என் மகளுக்குத் திருநெல்வேலியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தீவில் சாதி கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவோம். சம்பந்தம் மட்டும் மெயின்லேண்டில் சாதி பார்த்துத் தேடுவோம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் நம் குடும்பப் பெயருக்குக் கீழே பறை என்ற சொல் படக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை, வற்புறுத்தவில்லை. நானே முருகேசனின் பெயரைக் கோடு போட்டு அடித்து, தம்பியிடம் காட்டாமல் நேரே சென்னை அச்சகத்துக்கு அனுப்பினேன்.

கப்பலில் பெட்டிகள் வந்ததும் தம்பி என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, முருகேசு பேரு எங்க?"

"அச்சகத்துல விட்டிருப்பான்."

"நீங்க திருத்துன தாள அச்சகத்துல கேட்டு வாங்கிட்டேன்."

"பாப்பா கல்யாணம் முடியட்டும்ல. சாவு மேளம் அடிக்கிறவன் பேரு நம்ம பேரோடயா?"

"அவன் அடிச்சது உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சுண்ணே. உங்க காலு தாளம் போட்டத நான் பாத்தேன்."

தம்பி எழுந்து போனார். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு உறையிலும் அந்தப் பெயரைத் தம் கையால் எழுதிச் சேர்த்தார். எனக்கும் ஒன்று தந்தார். அதைச் சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல் அலமாரியில் பூட்டினேன்.

தம்பி கடைசியாக நுரையீரல் நோயில் கிடந்தபோது, மருத்துவமனையில் அவரைத் தூக்கி உட்காரவைத்தவர் முருகேசன். நான் பழம் வாங்கிக்கொண்டு போய் அரைமணி நேரத்தில் திரும்புவேன். அடக்கத்தன்று முருகேசன் பறையோடு வந்தார். "கோயில் அடக்கம்பா, இங்க அது வேண்டாம்" என்று கல்லறை வாசலிலேயே நிறுத்தினேன். பிறகு உள்ளே போய், தொகுப்பில் வாசித்தவர்கள் என்று இரண்டு பேரை மட்டும் சொல்லிப் புகழ்ந்தேன். கைதட்டினீர்கள். எழுபத்தெட்டு வயதில், தம்பியின் குழிக்கு முன் நின்று, அதே அசிங்கத்தை மறுபடியும் செய்தேன்.

சென்ற மாதம் முருகேசன் வீட்டுக்குப் போனேன். நடந்ததையெல்லாம் இந்த மலரில் எழுதப்போவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எழுதுங்க சார்" என்றார். தம்பி அவருக்கு அண்ணன், நான் சார்.

"திருப்பலிக்கு வந்து வாசிக்கணும்."

"அடக்கத்தன்னைக்கே வாசிச்சாச்சு சார். நீங்கள்லாம் கார்ல ஏறிப் போனபொறவு."

தம்பியைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பங்குப் பாடகர் குழுவுக்கும், வெகுதூரம் கப்பலில் வந்து நின்ற கிட்டார் கலைஞருக்கும் தோதாரா பெரியவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. முருகேசனுக்கும் இங்கே நன்றி எழுதட்டுமா என்று அன்று அவர் வீட்டு வாசல்படியில் நின்று கேட்டேன்.

"எங்கண்ணனுக்கு நான் செஞ்சதுக்கு, தம்பி எனக்கு யாராவது நன்றி சொல்லுவாங்களா சார்?" என்றார்.

அதனால் அவருக்கு நன்றி எழுதவில்லை.