சாரலுக்கு முன்னால் போட்ட கையெழுத்து

"ஏட்டி, உனக்கு வேற சோலி இல்லையா? அடுத்த வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு தெரியலேன்னா உனக்குச் சோறு எறங்காதோ?"

விடுதி வேலை ஏன் போயிற்று என்று கேட்க வருகிறவர்களை எல்லாம் முதலில் இப்படித்தான் திட்டுவேன். பாதிப் பேர் போய்விடுவார்கள். நீங்கள் திட்டு வாங்கியும் நகராமல் நிற்கிறீர்கள். அந்த ரோஷமில்லாத குணத்துக்காகவே சொல்கிறேன். நடுவில் உச்சுக் கொட்டக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். நான்காம் வகுப்புக்குப் போகாததில் எனக்கும் வருத்தமில்லை, வாத்தியாருக்கும் வருத்தமில்லை. மலையடிவாரத்தில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் பெண்கள் விடுதியில் பதினோரு வருஷம் சமையலறையைப் பார்த்துக்கொண்டேன். அங்கே பெண்களுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் விசாரிக்க ஒரு கமிட்டி இருந்தது. அது சட்டமாம். அதில் வேலைக்காரர்கள் பக்கமிருந்து ஒரு பெண் இருக்க வேண்டுமாம். இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உறுப்பினர் ஆக்கினார்கள். வாசலில் பலகை வைத்தார்கள். கடைசிப் பெயர் என்னுடையது. பஸ்ஸைவிட்டு இறங்கினால் அதை ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். எழுத்துக் கூட்டாமல் எனக்கு வாசிக்க வருவது அது ஒன்றுதான்.

பெண்கள் தினம் வந்தால் சமத்துவம் பற்றிப் பேச நான்கு ஆண்கள் மேடை ஏறுவார்கள். அவர்களுக்கு வடை போட நாங்கள் ஆறு பெண்கள் விடியுமுன் எழுந்திருப்போம். அதையும் சமத்துவம் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஆபீசுக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவே பெரிய மைதானம். ஆனி பிறந்தால் குற்றாலத்துச் சாரல் அந்த மைதானத்தைவிட்டு நகராது. கமிட்டி நோட்டைக் கையெழுத்துக்கு எடுத்து வருகிற கிளார்க் அண்ணாச்சி ஒரு வருஷம் வழியில் நனைந்து, மை எல்லாம் கரைந்து, திட்டு வாங்கினார். அடுத்த வருஷத்திலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தார். வைகாசி முடியுமுன்பே வெறும் பக்கங்களின் அடியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார். கூட்டம் நடந்தால் மேலே எழுதிக்கொள்வார்.

"சீசன் தொடங்கிட்டா இத நனையாமக் கொண்டுவர முடியாது ஆச்சி. மொத்தமாப் போட்ருங்க," என்பார்.

நானும் அப்பளம் காயவைப்பதுபோல வரிசையாகப் போட்டுக் கொடுப்பேன். ஒரு பக்கத்தில் எழுத்து கோணினால் மறுபடி ஒன்று போடட்டுமா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய மனுஷி ஆகிவிட்டேன் என்ற நினைப்பு.

கடைசி வருஷம் மெக்கானிக்கல் படித்த ஒரு பெண். ஊர் கீழப்பாவூர் பக்கம். அப்பா மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். அவளும் ஸ்பேனரும் கையுமாகத்தான் இருப்பாள். எங்கள் மாவரைக்கும் கிரைண்டர் நின்றுபோனால் ஆள் வருகிற வரை காத்திருக்கவே மாட்டோம், அவளைத்தான் கூப்பிடுவோம். ஆறு இட்லி தின்பாள். சாம்பாரில் குறை சொல்லுவாள். நான் கரண்டியை ஓங்குவேன்.

அந்த ஆடியில் அவள் குறை சொல்வதை நிறுத்தினாள். பிறகு சாப்பிடுவதையும் குறைத்தாள். சுவர் ஓரமாக, வாசலைப் பார்த்த மாதிரி உட்கார ஆரம்பித்தாள். கை கழுவப் போனாலும் துணைக்கு ஒருத்தி போனாள். பெரிய அருவியில் குளித்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் வெள்ளையாக விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஓரத்தில் கொஞ்சம் சருகும் செம்மண்ணும் வரும். விவரம் தெரிந்தவர்கள், வெள்ளம் வருகிறதென்று போலீஸ்காரர் விசில் ஊதும் வரை நிற்க மாட்டார்கள். எனக்கும் சருகு தெரிந்தது. "என்னட்டி, காதலா?" என்று கிண்டல் செய்துவிட்டு ரசத்தை இறக்கப் போனேன்.

காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒர்க்ஷாப்புக்குப் பொறுப்பான பேராசிரியர் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கருவி அறைக்குத் தனியாக வா, அங்கே பார்க்கலாம் என்றாராம். ஒரு தடவை போயிருக்கிறாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அவர் நின்றதும், மேஜை மேல் கிடந்த ஸ்பேனரைக் கையில் எடுத்தபடியே வெளியே வந்ததும் எனக்குப் பின்னால்தான் தெரியும். புகார் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். அந்தப் பெட்டியை யார் எங்கே மாட்டினார்களோ, சரியாக அவருடைய அறை ஜன்னலுக்கு எதிரே தொங்கியது. யார் போடுகிறார்கள் என்று அவர் எழுந்து பார்க்கக்கூட வேண்டாம், தலையைத் திருப்பினால் போதும்.

அந்தச் சமயம் நான் தென்காசியில் கண் ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்த அன்று, அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஆச்சி, என் புகாரை விசாரிச்ச கூட்டத்துல நீங்களும் இருந்தீங்களாமே."

நான் சிரித்தேன். என்ன கூட்டம் என்றேன்.

"நான் அங்கன வந்து, தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன், புகார் வேண்டாம்னு சொன்னேனாம். நான் வேற என்னெல்லாம் சொன்னேன்னு நீங்களாவது சொல்லுங்க. எனக்கே தெரியல."

கையில் இருந்த கீரைக்கட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. ஆபீசுக்குப் போனேன். கிளார்க் அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் நோட்டைத் திறந்து வாசித்தார். ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அதாவது எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று, கூட்டம் நடந்திருக்கிறது. மாணவி நேரில் வந்து புகாரைத் திரும்பப் பெற்றாள். உறுப்பினர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அடியில் என் பெயர், என் கைப்படவே, கொஞ்சம் கோணலாக.

"மேல எழுதச் சொன்னத எழுதுனேன் ஆச்சி. எனக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கு," என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். ஜன்னலைச் சாத்தினார்.

பொய்ப் புகார் என்று ஆகிவிட்டது. அவள் அப்பாவுக்கு போன் போயிருந்தது. மானம் போச்சு, படித்தது போதும், வெள்ளிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நாலு வருஷப் படிப்பு, அந்த ஒரு பக்கத்தோடு முடிந்தது. அந்தப் பக்கம் நிற்கிற வரை அவள் வாயால் சொல்வது எதுவும் எடுபடாது. அதைத் தாங்கி நின்றதில் ஒரு கால் நான்.

மறுநாள் மத்தியானம் பேராசிரியர் சமையலறைக்கு வந்தார். அவர் என்னை எப்போதும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். கேசரி கேட்டு வாங்கி, நின்றபடியே சாப்பிட்டார். என் கண்ணைப் பற்றி விசாரித்தார். சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறேனா என்று கேட்டார். கிண்ணத்தைக் கழுவி வைத்தார். அங்கே எந்த ஆண்பிள்ளையும் கழுவி நான் பார்த்ததில்லை.

"பார்வை சரியாகிற வரைக்கும் எண்ணெய்ச் சட்டி பக்கம் நிக்காதீங்கம்மா. உங்க வயசுல ஒண்ணு கொட்டிச்சின்னா ஆறாது," என்றார்.

அன்புதான். அன்று சாயங்காலம் பஜ்ஜி போட வேண்டும். வேறொருத்தியைப் போடச் சொல்லிவிட்டு, எண்ணெய்ச் சட்டிக்கு எட்டாத மூலையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

கமிட்டியில் வெளி ஆளாக ஒருவர் இருக்க வேண்டும் என்று தென்காசியில் ஒரு வக்கீலம்மாவைப் போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் காபி தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

"நானும் வைகாசியிலயே போட்டுட்டேன் ஆச்சி. மழையில அவ்வளவு தூரம் வரணுமேன்னு," என்றார்.

சட்டம் படித்தவரும் மூன்றாம் வகுப்பும் ஒரே நோட்டில் ஒரே தப்பைச் செய்திருக்கிறோம். இதைச் சமத்துவம் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் எனக்கு வேலை போகும், அவருக்குப் பெயர் போகும், அதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்றார். நான் பேனா கேட்டேன். இந்த முறை அவர் முழுவதையும் இரண்டு தடவை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கடிதத்தை மேலே அனுப்பிய கையோடு வக்கீலம்மா அவள் அப்பாவிடம் பேசினார். என்ன பேசினாரோ, வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லை. திங்கட்கிழமை உண்மையான கூட்டம் நடந்தது. அத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்த முதல் கூட்டம். நாற்காலியில் குஷன் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். பேராசிரியர் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே இருந்தார். தலைமை தாங்கிய அம்மா நோட்டை என் பக்கம் திருப்பி, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார்கள்.

"கையெழுத்து என்னதுதான். அது அங்கன போன அன்னைக்கு நான் அதுகூடப் போகல. கண்ணக் கட்டிப் படுத்திருந்தேன். நான் மட்டுமில்ல, இங்கன இருக்க எல்லாரும் சாரலுக்கு முன்னாடியே போட்டதுதான் இது."

வக்கீலம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஒருத்தி தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். பேராசிரியரின் புன்னகை மட்டும் மாறவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார்கள். அவரை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணை உட்காரவைத்துக் கேட்டார்கள். அவள் சொன்னதை நான் உங்களிடம் சொல்ல மாட்டேன், அது அவள் பாடு. அவள் ரெக்கார்டை வேறு கல்லூரி வாத்தியார் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். படிப்பை முடித்துவிட்டாள். பேராசிரியர் லீவில் இருக்கிறார் என்கிறார்கள். பெரிய விசாரணை இன்னும் முடியவில்லையாம். என்னை வயசாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள். பலகையில் என் பெயர் மேல் வெள்ளைத் தாளை ஒட்டியிருப்பதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு கார் வந்தது. இரண்டு பேர், நல்ல சட்டை, கையில் அல்வா. டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். ஆபரேஷன் மருந்து மயக்கத்தில் அன்று ஏதேதோ உளறிவிட்டேன், அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் என்று எழுதியிருந்தது. அடியில் கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். நான் தாளை விட்டுவிட்டு அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டேன். அந்தத் தாளில் என் பெயர் விழுந்தால் குறுக்கே அடித்த பக்கம் எழுந்து உட்கார்ந்துவிடும். அவள் மறுபடி பொய்க்காரி ஆகிவிடுவாள். போன வாரம் அதே கார் வந்தது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைக்காமல், மத்தியானம் முழுக்க என் வாசலுக்கு எதிரே நின்றது.

சாயங்காலம் தெருப் பெண்கள் வந்து, யார் ஆச்சி அது, பேத்திக்கு மாப்பிள்ளை வீடா என்று கேட்டார்கள். அவர்களிடம் இதைத்தான் சொன்னேன்:

"ஆமா, எனக்குத்தான் மாப்பிள பாக்க வந்திருக்காவ. இனி அந்தக் காரு வந்தா ரெண்டு பேராவது வந்து என் வீட்டுல உக்காருங்கட்டி. பேப்பரும் பேனாவுமா எறங்கினா, ஆச்சிக்குக் கை வெளங்கலன்னு சொல்லிருங்க. பேசணும்னா மட்டும் உள்ள விடுங்க. வாய் நல்லாத்தான் இருக்கு."