பெயர் ஊரான சீட்டு

எண்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம், ஒரு மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். ஏ.சி. அறையில் இருந்தது ஒரே மெஷின். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பி.எஸ்சி. முடித்த கையோடு சி மொழி படிக்கச் சேர்ந்த எனக்கு மெஷினைவிட்டு எழுந்திருக்கவே மனம் வராது. அச்சடிக்கச் சொல்லும் பிரிண்ட்-எஃப்பில் %15s என்று எழுதினால் பெயர் பதினைந்து எழுத்து அகலத்தில் வலப்பக்கம் ஒட்டி உட்காரும். நடுவில் ஒரு கழித்தல் குறி போட்டால் இடப்பக்கம் தாவிவிடும். சொன்ன பேச்சு கேட்கிறதே!

காலையில் வகுப்பு தொடங்கும்வரை மெஷினை எனக்குக் கொடுங்கள் என்று சென்டர் நடத்திய சாரை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் சொன்னார்:

"கார்த்திகை தீபத்துக்கு வர்றவங்களுக்கு ரூம் சீட்டு கம்ப்யூட்டர்ல அடிக்கணும்னு ஒரு லாட்ஜ்காரர் கேக்கறார். நீ எழுது. அவர் சரின்னுட்டா காலைல மெஷின் உன்னுது. இல்லன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

பெயர், ஊர், அறை எண் மூன்றையும் வாங்கிச் சீட்டு அச்சடிக்கும்படி எழுதினேன். என்னை வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். வரிசை பிசகாமல் வந்தது.

லாட்ஜ்காரர் வந்தார். "எங்கே, என் பேரைப் போடு. இனிஷியலோட."

தட்டினேன். மெஷின் ஊருக்கு நிற்காமல் நேராக அறை எண்ணைக் கேட்டது. ஏழு என்று கொடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்றது. பெயருக்கு எதிரே இனிஷியல் மட்டும். ஊருக்கு எதிரே அவர் பெயர்.

"இன்னா தம்பி, என்னையே ஒரு ஊராக்கிட்டியே! இந்த ஊருக்கு எந்த பஸ்ல போறது?"

சார் சிரிக்கவில்லை. எனக்குச் சட்டென்று உறைத்தது. தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஸ்கேன்-எஃப்பில் %s போட்டால் இடைவெளி வந்ததும் நிறுத்திக்கொள்ளும்; மிச்சம் அடுத்த கேள்விக்குப் பதிலாகிவிடும். நம் பக்கத்து ஆட்களுக்கோ முதலில் இனிஷியல், அப்புறம் இடைவெளி, அப்புறம்தான் பெயர்.

"அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே."

"டீ வர்ற வரைக்கும் டைம்" என்றார் லாட்ஜ்காரர்.

என்டர் தட்டும்வரை எல்லாவற்றையும் வாங்கும்படி அந்த வரியை மாற்றினேன். ஊர்ப் பெயரிலும் இடைவெளி வரலாமே என்று அதையும் மாற்றினேன். டீயும் சீட்டும் ஒன்றாக வந்தன. இனிஷியலும் பெயரும் ஒரே வரியில், கீழே திருவண்ணாமலை, அதற்கும் கீழே ஏழு.

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இப்பத்தான் நான் மனுஷன். தீபத்துக்கு இதையே போட்டுடலாம் சார்."

சார் சென்டர் சாவியை மேசைமேல் வைத்தார். "ஏ.சி.யை மட்டும் தொடாத."

சாவியை எடுத்துக்கொண்டு தாவிப் படியிறங்கிப் பாதி வீதி வந்தபிறகுதான், காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது.