கோட்டில் ஏறிய பேர்பன் மணம்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த ரகரம் எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். சில இடங்களில் மை பரவியிருக்கும். அது பேனையின் பிழை, மற்றதெல்லாம் என்னுடையது. இந்தக் கதையை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறப்பது எனக்கு எழுதுவதை விடக் கஷ்டம். "நீங்கள் எழுதாட்டி நான் சொல்லுவன். நான் சொன்னாக் கூட்டித்தான் சொல்லுவன்" என்று மனைவி வெருட்டியதால் மேசைக்கு வந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஒக்லாந்தின் ஒனிஹங்காப் பகுதியில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில், ஒரு நீளமான தகரக் கொட்டகையில் எனக்கு வேலை. விஸ்கியைப் போத்தலில் அடைக்கும் இடம். கென்டக்கி என்ற ஊரிலிருந்து பேர்பன் என்ற விஸ்கி இரும்புப் பீப்பாக்களில் கப்பலேறி வரும். வரும்போது மூக்கைக் கிட்டக் கொண்டு போக முடியாத கடுமை. அதைத் தொட்டிகளில் விட்டு, தண்ணீர் சேர்த்து இளக்கி, போத்தலில் அடைத்து, லேபல் ஒட்டி அனுப்புவோம். குழாய் பூட்டுவதும் தொட்டி கழுவுவதும் என் வேலை. நான் குடிப்பதில்லை. நல்ல குணத்தினால் அல்ல, என் வயிறு அதை ஏற்காது.

தொட்டிகள் மூன்று, லேபலும் மூன்று. ஒரே சாமானுக்கு மூன்று சட்டை போட்டு விற்கிறார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தவள், விஸ்கி மாதிரிகளைச் சோதிக்கும் 'மாதிரி அறை'யில் இருந்த வெள்ளைக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு தொட்டியிலும் கொஞ்சம் எடுத்து மணந்து பார்ப்பது அவள் வேலை. நான் அவளுடைய கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக் கொடுப்பேன். சரியான வாயாடி. நான் பதில் சொல்லாதது அவளுக்குப் பெரிய வசதியாக இருந்தது, எனக்கும்தான்.

ஒரு நாள் என் உள்ளங்கையில் ஒரு துளி விட்டாள். இரண்டு கையையும் தேய்க்கச் சொன்னாள். உடனே மணக்க விடவில்லை. "பொறு, சாராயம் பறந்து போகட்டும், தானியம் போகாது" என்றாள். கொஞ்சம் பொறுத்து மூக்கருகே கொண்டுபோனேன். போறணை அடுப்பிலிருந்து இறக்கிய பாண் ரொட்டியின் மணம்! கையைக் கழுவிவிட்டு இரண்டாவது தொட்டியில் ஒரு துளி. அதில் மிளகு, கூடவே வெட்டிய புல்லின் வாசம். மூன்றாவதை மணந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகப் பழுத்த கதலி வாழைப்பழம்.

அவள் சொன்னது இதுதான். பேர்பன் என்றால் பாதிக்கு மேல் சோளம். அதில் மாற்றமில்லை. மிச்சத்துக்கு என்ன தானியம், எவ்வளவு என்பதில்தான் ஒவ்வொருவர் கைவரிசையும். மாஷ் பில் என்று அவர்கள் சொல்வது அந்தக் கலவைக் கணக்கைத்தான். முதல் தொட்டியில் சோளத்தோடு கோதுமை சேர்த்திருந்தார்கள், அதனால் மெதுமை, பாண் மணம். இரண்டாவதில் ரை. கோதுமைக்குத் தங்கச்சி முறையான ஒல்லித் தானியம் அது, ஆனால் தங்கச்சிக்குத்தான் வாய் காரம். எல்லாவற்றிலும் முளைக்க வைத்த பார்லி கொஞ்சம் உண்டு.

"மூன்றாவதில் என்ன தானியம்?" என்று கேட்டேன். அந்தக் கொட்டகையில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இரண்டாவதில் உள்ள அதே தானியம், அதே அளவு என்றாள். புளிக்க வைக்கிற ஈஸ்ட் மட்டும் வேறு. ஈஸ்ட் சீனியைத் தின்று சாராயத்தை மட்டும் விடுவதில்லை, ஒவ்வொரு வகையும் தன் சொந்த மணத்தையும் விட்டுப் போகிறது. அதனால் விஸ்கி வடிப்பவர்கள் தங்கள் ஈஸ்டைப் பிள்ளை மாதிரிப் பொத்திப் பொத்தி வளர்ப்பார்களாம்.

எனக்கு உடனே அண்ணியின் அப்பம் நினைவுக்கு வந்தது. அப்போது நான் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஊரில் கள்ளு விட்டு மா புளிக்க வைத்த அண்ணி, இங்கே பாண் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பார். அதே அரிசி, அதே தேங்காய்ப்பால். அண்ணன் ஒவ்வொரு முறையும் தின்றுவிட்டு, "நல்லாத்தான் கிடக்கு. ஆனா அப்பமில்லை" என்பார். அண்ணிக்குக் கை மாறிவிட்டது என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அண்ணி எனக்குப் பெண் பார்த்தார். பெண் நியூ லின்னில் ஒரு பேக்கரியில் வேலை செய்தாள். தாய் இல்லை. தகப்பன் ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர். அவருடைய தம்பி குடியினால் அழிந்து இளவயதில் செத்தவர். "அந்த வீட்டில குடி எண்ட சொல்லே ஆகாது தம்பி" என்று அண்ணி சொல்லி வைத்தார். என்ன வேலை என்று அவர்கள் கேட்டபோது, போத்தல் அடைக்கிற இடம் என்று மட்டும் சொல்லியிருந்தாராம். என்ன போத்தல் என்றதற்கு, சோடா மாதிரி என்றாராம்.

எனக்கு அந்தப் பெண்ணின் படத்தைக் காட்டியிருந்தார்கள். அதில் அவள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தாள். அந்தப் படத்தை நான் அண்ணியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு கம்பளிக் கோட்டு. வேலைக்கும் அதுதான், விசேஷத்துக்கும் அதுதான். கொட்டகையில் இரண்டாம் தொட்டிக்கும் மூன்றாம் தொட்டிக்கும் நடுவில் ஓர் ஆணியில் மாட்டியிருப்பேன். ஒரு நாள் குழாய் நழுவி, கோதுமைப் பேர்பன் அதன் முன்பக்கத்தில் கொட்டியும் இருந்தது. பெண் பார்க்கப் போவதற்கு முதல்நாள் அண்ணி அதைக் கையில் எடுத்தார்.

"ஐயோ தம்பி, இது கோட்டோ கள்ளுத் தவறணையோ?"

"சேட்டோட வரட்டுமன்" என்றார் அண்ணன்.

"இந்தக் குளிருக்குள்ளயோ? பொம்பிளை பாக்கப் போறமோ, ஆஸ்பத்திரிக்குப் போறமோ?"

கழுவினால் காயாது. அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். பின்வளவில் தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்தித் தணலாக்கி, சாம்பிராணி தூவி, கோட்டை அதன்மேல் பிடித்தார். உள்பக்கம், வெளிப்பக்கம், பொக்கற்று ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஏதாவது எரிகிறதா என்று கேட்டான். முடிவில் கோட்டு மூலஸ்தானத்திலிருந்து எழும்பி வந்த மாதிரி மணந்தது. எங்கள் எல்லோருக்கும் திருப்தி.

மறுநாள் நியூ லின்னில், மாப்பிள்ளை என்று என்னை ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். பிழை அங்கேதான் நடந்தது. கம்பளி மெல்ல மெல்லச் சூடேறியது. முதலில் சாம்பிராணி எழும்பியது. அதற்குப் பின்னால் மற்றது எழும்பியது. அண்ணி மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். தகப்பனின் மூக்கு அசைந்தது.

"தம்பி கோயிலுக்குப் போட்டு வாறீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப சாம்பிராணி?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"சாம்பிராணிக்குக் கீழ இன்னொண்டு மணக்குது. அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச மணம். குடிக்கிறனீரோ?"

"ஐயோ, அவர் சோடாவும் குடிக்க மாட்டார்!" என்று அண்ணி குறுக்கே விழுந்தார்.

"சோடாக் கொம்பனியில வேலை செய்யிறவர், சோடாவும் குடிக்க மாட்டாரோ?"

"சோடா இல்லை ஐயா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "விஸ்கி. போத்தலில அடைக்கிறது. நான் குடிக்கிறேல்லை."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தகப்பன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எங்களை வெளிக்கிடச் சொல்ல அவருக்கு மரியாதை தடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்ற பெண், தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, நான் இவரோட ரெண்டு சொல்லுக் கதைக்கோணும்."

"இனிக் கதைக்க என்ன கிடக்கு?"

"கதைச்சாத்தானே தெரியும்."

அடுப்படிக் குசினிக் கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றோம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"கோட்டைக் கழட்டித் தாங்கோ."

கழற்றிக் கொடுத்தேன். முன்பக்கத்தைத் தூக்கி, மாவை மணப்பது போலக் கண்ணை மூடி மணந்தாள்.

"இதில பாண் மணக்குது!"

"அது கோதுமை" என்றேன்.

"என்ன கோதுமை? விஸ்கியெண்டு சொன்னியள்?"

"விஸ்கியிலதான். சாராயம் பறந்திடும். தானியம் நிண்டிடும்."

அவள் கோட்டின் இடது கையை எடுத்து மணந்தாள். தும்மல் வந்தது. "இது மிளகு."

"அது ரை. இரண்டாவது தொட்டி. அந்தப் பக்கம் மாட்டியிருப்பன்."

வலது கையை எடுத்தாள். சாம்பிராணியை ஊதித் தள்ளுவது போல ஊதினாள். திரும்ப மணந்தாள். "சிரிக்காதேங்கோ. வாழைப்பழமோ?"

நான் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டை என் வீட்டில் எல்லோரும் மணந்திருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரே மணம்.

"கதலிப்பழம். மற்றதில இருக்கிற அதே ரை, அதே சோளம். ஈஸ்ட் மட்டும்தான் வேறை" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்!" அவள் கோட்டை மேசையில் போட்டுவிட்டு நேரே என்னைப் பார்த்தாள். "எங்கட முதலாளி போன மாசம் ஈஸ்டை வேற இடத்தில எடுத்தவர். அதே மா, அதே போறணை. ஒரு மனிசி பாணைக் கொண்டு வந்து திருப்பி வைச்சிட்டுப் போட்டா. இது உங்கட பாண் இல்லையாம். முதலாளியிட்ட எனக்குத்தான் பேச்சு, நான் பிசைஞ்சது பிழையெண்டு. நீங்கள் சொல்லுங்கோ, என்ர கையோ பிழை?"

"கையில்லை. ஈஸ்ட்" என்றேன்.

"பாத்தியளோ!"

அதற்குப் பிறகு நான் கதைத்தேன். பீப்பா, தொட்டி, மாதிரி அறை, உள்ளங்கையில் தேய்ப்பது, அண்ணியின் அப்பம் என்று என் வாழ்நாளில் ஒருவரோடும் அப்படிக் கதைத்ததில்லை. ஒரே தானியத்தை எடுத்து ஈஸ்டை மட்டும் மாற்றினால் வேறு போத்தல், வேறு பெயர் வருகிறது என்றேன். அப்படியென்றால் பாணுக்கும் வேறு பெயர் வைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்கப் போவதாக அவள் சொன்னாள். தகப்பன் கதவடிக்கு வந்தார்.

"ரெண்டு சொல்லு முடியேல்லையோ?"

"இல்லை அப்பா, இப்பதான் ஈஸ்டுக்கு வந்திருக்கிறம்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இது குடிச்ச மணமில்லை அப்பா. இஞ்ச பாருங்கோ, பாண்." அவர் அதைத் தொடவில்லை.

"மூக்கால மாப்பிள்ளை எடுக்கேலாது பிள்ளை." என் பக்கம் திரும்பினார். "அடுத்த சனிக்கிழமை வாரும். தனிய வாரும். இந்தக் கோட்டு வேண்டாம். மணம் கோட்டிலயோ ஆளிலயோ எண்டு பாப்பம்."

காரில் வரும்போது அண்ணி அழுதார். "நான் சாம்பிராணி போட்டிருக்கக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "எல்லாம் உன்ர சோடாவால வந்தது" என்றார் அண்ணன்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையிலிருந்து மழை. அண்ணன் தன் கோட்டைத் தந்தார். வேண்டாமென்றேன். வேறு கோட்டைப் போட்டாலும் கோட்டு கோட்டுத்தானே என்று என் மண்டைக்குப் பட்டது. சேட்டோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். நியூ லின்னில் இறங்கி அவர்கள் வீட்டுக்கு நடப்பதற்குள் தலையிலிருந்து சப்பாத்து வரை நனைந்துவிட்டேன்.

தகப்பன்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தார். கட்டிப் பிடிக்கப் போகிறவர் போலத் தோளருகே குனிந்து மணந்தார். பிறகு மற்றத் தோள். எனக்குப் பல் கிட்டியது. வணக்கம் சொல்லவும் முடியவில்லை. என்னில் மழையும் சவர்க்காரமும்தான் மணந்திருக்கும்.

"கோட்டு வேண்டாமெண்டா, குடையும் வேண்டாமோ?" என்றார்.

உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை இருந்தது. என் கை விறைத்திருந்ததால் அவரே பொத்தானைப் பூட்டினார். அதில் பூச்சி உருண்டை மணந்தது. குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"பிள்ளை, தேத்தண்ணி போடு. அவருக்குச் சளி பிடிச்சா அண்ணிக்காரி என்னைச் சும்மா விடமாட்டா."

குசினியிலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் வந்தது, படத்தில் அடக்கப் பார்த்த அதே சிரிப்பு.

தையில் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மனைவி பேக்கரியில் மிஞ்சிய புளித்த மாவைக் கொண்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அரிசி மா ஊட்டி வளர்த்தாள். எத்தனையோ தரம் கெட்டது, குசினி முழுக்க நாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் அப்பம் சுட்டு அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் வழமையாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு இன்னொன்று எடுத்தார். இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட அவளுடைய தகப்பனும் அன்றைக்கு இருந்தார். "இதுக்கு ஆர் ஈஸ்ட் பாத்தது, மாப்பிள்ளையோ?" என்று கேட்டார். அது அவர் வாயால் வந்த பெரிய பகிடி.

ஒனிஹங்காக் கொட்டகை இப்போது இல்லை. போத்தலெல்லாம் வெளிநாட்டிலிருந்து அடைத்தே வருகிறதாம். மாதிரி அறைப் பெண் அவுஸ்திரேலியாவுக்குப் போனாள் என்று கேள்வி. மாமாவும் காலமாகிவிட்டார். அவருடைய கம்பளிச் சட்டையைக் குளிருக்கு நான் போடுகிறேன். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லப் போனால் இங்கிலிஷில் சிரித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

கோட்டு அலுமாரியில் இருக்கிறது. கழுவ மனைவி விடமாட்டாள். இன்று பின்னேரம் வெளியே எடுத்து, அதன் கை இரண்டையும் மணந்து பார்த்தாள். மிளகும் போய்விட்டது, வாழைப்பழமும் போய்விட்டது என்றாள். முன்பக்கத்தை நீட்டினாள்.

"இதில இன்னும் பாண் கிடக்கு. மணந்து பாருங்கோ."

மணந்து பார்த்தேன். அலுமாரி மணம்தான் வந்தது. ஓம், கிடக்கு என்றேன். அவளுடைய மூக்கு என்னுடையதை விட எப்போதும் நல்ல மூக்கு.

ஒக்லாந்து,
சனிக்கிழமை, 14 ஓகஸ்ட் 1999